போர் நடக்கும் இடத்தில் வளரும் குழந்தைகளைப் பற்றி ஆவணப்படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மாதிரிப் படம் எடுக்கப் போகிறேன் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் கேட்பது எந்த கேமரா வாங்கலாம் என்றுதான். அதற்கும் பதில் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கீழே. அதற்கு முன்னால் கேட்கவேண்டியவை நிறைய. பதில்களில் என் சொந்தக் கருத்தும் கலந்திருக்கிறது, ஒத்துப்போகாதவர்கள் இருப்பார்கள், இருக்கட்டும்.

தினமும் செய்தியில் வருகிறதே, தனியாக ஒரு படம் எதற்கு?

2024 முடிவில் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி 47.3 கோடிக்கும் அதிகமான குழந்தைகள் ஆயுத மோதல் நடக்கும் பகுதிகளில் வாழ்கிறார்கள். உலகத்துக் குழந்தைகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல். இத்தனை பேரில் ஒரு குழந்தை எப்போது செய்தியில் வரும் என்று யோசியுங்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த ஒரு நாள் வரும். அதற்கு முந்தின நாள் தம்பியோடு சண்டை போட்டதோ, அடுத்த மாதம் பல் விழுந்து புதுப் பல் முளைத்ததோ வராது.

ஒரு முறை விமானச் சத்தம் கேட்டு எல்லோரும் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். எட்டு வயதிருக்கும் ஒரு பெண், குழி வாசலில் நின்று செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே இறங்கினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா கத்தினாள்: "செருப்பை எடுத்துக்கிட்டு வாடி, தொலைஞ்சிரும்!" இரண்டு பேருக்கும் அந்த நிமிடம் செருப்புதான் பிரச்சினை. குண்டு எங்கே விழுந்தது என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை. அந்தச் செருப்பு ஜோடி ஞாபகமிருக்கிறது. செய்திக்காரர்களுக்கு அதை எடுக்க நேரமிருக்காது, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால் மட்டும் இந்த வேலைக்கு வாருங்கள்.

போன முதல் நாளே ஷூட்டிங் தொடங்கலாமா?

வேண்டாம். முதல் சில நாட்கள் கேமரா பையிலேயே இருக்கட்டும். டீ குடியுங்கள், தண்ணீர் எடுக்கப் போகும்போது கூடப் போங்கள், பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அப்புறம் கேமராவை வெளியே எடுத்து அவர்கள் கையிலேயே கொடுங்கள். உங்களை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததைச் சின்னத் திரையில் ஓட்டிக்காட்டுங்கள். தன் முகம் இப்படித்தான் எங்கோ போய்ச் சேரும் என்று வாயால் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியாது, திரையில் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

எங்கே காட்டப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "படம் எடுக்கிறோம்" என்றால் போதாது. உன் பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஃபோனில் பார்ப்பார்கள், உன் பக்கத்து ஊரில் இருக்கும் எதிர்த்தரப்புக்காரர்களும் பார்ப்பார்கள், நீ பெரியவனான பிறகும் அது அங்கேயே கிடக்கும். இதைக் கேட்டுவிட்டுச் சில பெற்றோர் மறுத்துவிடுவார்கள். மறுக்கட்டும், அதற்காகத்தானே கேட்கிறோம்.

அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டால் போதுமா?

போதாது. பெற்றோரின் சம்மதம் வேறு, பிள்ளையின் இசைவு வேறு, இரண்டும் வேண்டும். 1989ல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதை மதிக்கவேண்டும் என்கிறது. இந்தப் பிரிவைப் படித்துக்காட்டி யாரும் ஷூட்டிங் நடத்துவதில்லை, தெரியும். ஆனால் அப்பா சரி என்று தலையாட்டும்போது பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றால், உங்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் படிவத்தை நீட்டி ரேகை வாங்காதீர்கள். அவர்கள் பேசும் மொழியில் முழுக்க வாசித்துக்காட்டி, அவர்கள் திருப்பிச் சொல்வதை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரு முறை வாங்கியதோடு முடியவும் முடியாது. படப்பிடிப்பு நடுவில் கேளுங்கள், ரஃப் கட் (முதல் கட்டத் தொகுப்பு) பார்க்கும்போது கேளுங்கள், வெளியிடும் முன் கேளுங்கள். போர் இடத்தில் ஆறு மாதத்தில் எல்லாம் மாறிவிடும். போன மாதம் ஒரு தரப்பு கையில் இருந்த ஊர் இந்த மாதம் மற்றவர் கையில். அன்றைக்கு ஆபத்தில்லாத பேச்சு இன்றைக்கு ஆபத்து.

காப்பாளர் யார் என்பது பெரிய சிக்கல். பெற்றோர் இல்லாத பிள்ளைக்குப் பாட்டியா, மாமாவா, விடுதி நடத்துகிறவரா? விடுதிப் பொறுப்பாளர் ஒருவர் மட்டும் சரி என்றால் அதை நான் சம்மதமாகக் கணக்கில் எடுக்க மாட்டேன். அவருக்கு நன்கொடை வரவேண்டிய தேவை இருக்கும். இரத்த உறவில் ஒருவரையாவது தேடிப்பிடியுங்கள்.

காப்பாளர் என்ன வேலையில் இருக்கிறார் என்றும் விசாரியுங்கள். 2025 பிப்ரவரியில் காசா குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை பிபிசி ஒளிபரப்பிய சில நாட்களிலேயே தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. படத்தில் கதை சொன்ன 13 வயதுப் பையனின் அப்பா ஹமாஸ் நடத்தும் அரசில் வேளாண்மைத் துணை அமைச்சர், அது பார்ப்பவர்களுக்குச் சொல்லப்படவில்லை. தயாரித்த நிறுவனத்தில் சிலருக்கு அது முன்பே தெரியும் என்று பின்னால் நடந்த விசாரணை கண்டது. பார்வையாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று பிரிட்டனின் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமும் முடிவு சொன்னது. அந்தப் பையன் சொன்னது பொய் என்று ஆகிவிடவில்லை. ஆனாலும் பெரியவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு வரிக்காக விவாதம் முழுக்க அவன் முகத்தை வைத்து நடந்தது. திரையில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

பிள்ளைகள் "வேண்டாம்" என்று சொல்லவே மாட்டார்களே, எப்படித் தெரிந்துகொள்வது?

இதைவிட முக்கியமான கேள்வி இந்தப் பக்கத்தில் இல்லை. வெளியூர் ஆள், பெரிய மனிதர், கேமரா, கூடவே பிஸ்கட், இத்தனைக்கும் நடுவில் எந்தப் பிள்ளையும் வாயைத் திறந்து மறுக்காது. அங்கே பெரியவர்களிடம் முடியாது என்று சொல்லி அடி வாங்காமல் தப்பிய பிள்ளைகள் குறைவு. அதனால் மறுக்கும் வழியை நாம்தான் அவர்கள் கையில் கொடுக்கவேண்டும்.

நான் செய்வது சின்ன வேலை. லென்ஸ் மூடியைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுவேன். எப்போது வேண்டுமானாலும் வந்து மூடலாம், ஏன் என்று கேட்க மாட்டேன் என்பது ஒப்பந்தம். முதல் நாள் விளையாட்டுக்கே இருபது தடவை மூடுவார்கள். எரிச்சல் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், நீங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறீர்களா என்று பார்க்கிறார்கள். மூன்றாவது நாளுக்கு மேல் அந்த மூடி சட்டைப் பைக்குள் போய்விடும். அதற்கப்புறம் ஒரு நாள் அது வெளியே வந்தால் விஷயம் இருக்கிறது. என்னிடம் வந்து மூடிய ஒரு பையன், நான் காரணம் கேட்காமலே, அப்பா வரும் நேரம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் எடுக்கவில்லை.

மூடி கொடுக்க முடியாத இடத்தில் உடம்பைக் கவனியுங்கள். பதில் திடீரென்று ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது, வயிற்று வலி என்பது, உங்களைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக்கு நழுவுவது எல்லாமே மறுப்புதான்.

பேட்டியில் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது?

"அப்போது எப்படி இருந்தது?" வேண்டவே வேண்டாம். "அப்பா எப்படி இறந்தார்?" அதைவிட மோசம். இதே கேள்வியை உங்களுக்கு முன்னால் தொண்டு நிறுவனத்து ஆள் கேட்டிருப்பார், இரண்டு நிருபர்கள் கேட்டிருப்பார்கள். பிள்ளை எந்த இடத்தில் நிறுத்தினால் பெரியவர்கள் கண் கலங்குவார்கள் என்று பழகி வைத்திருக்கும். ஒரு பையன் என்னிடம் மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டே, "அழுதுக்கிட்டே சொல்லணுமா, சும்மா சொல்லணுமா?" என்று கேட்டான். நக்கல் எதுவும் இல்லை, வேலை விவரம் கேட்கிற குரல். அதைக் கேட்ட பிறகு அன்றைக்குப் பேட்டி எடுக்க எனக்கு மனம் வரவில்லை. மைக்கைக் கழற்றிவிட்டுக் கோலி விளையாடினோம், தோற்றேன்.

பொருட்களைப் பற்றிக் கேளுங்கள். உன் பையில் என்ன இருக்கிறது, ஓடவேண்டி வந்தால் எதை எடுப்பாய், இந்தச் சுவரில் யார் கிறுக்கியது, இந்தச் சத்தம் இங்கேயிருந்து போகிற குண்டின் சத்தமா, இங்கே வருகிற குண்டின் சத்தமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆறு வயதுப் பிள்ளைகூடச் சரியாகப் பதில் சொல்லும். அதைச் சொல்லும்போது வரும் பெருமையை எடுங்கள், சோகத்தை விடப் பெரிய விஷயம் அது. படம் வரையச் சொல்லலாம், ஆனால் போரை வரை என்று சொல்லாதீர்கள். காகிதத்தை மட்டும் கொடுங்கள்.

பேட்டியை உச்சக்கட்டத்தில் நிறுத்தாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் சாதாரணப் பேச்சுக்கு இறங்கி வந்து, பிள்ளை எழுந்து விளையாடப் போகும் நிலையில் முடியுங்கள்.

பேசும்போது பிள்ளை உடைந்து அழுதால்?

நிறுத்துங்கள். "கேமரா ஓடட்டும், ஆறுதல் சொல்லிக்கொண்டே எடுக்கலாம்" என்பவர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2011ல் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டில் பார், கேள், இணை என்று மூன்றே படி. பக்கத்தில் உட்காருங்கள், சொன்னால் கேளுங்கள், துருவாதீர்கள், பிள்ளைக்கு நம்பிக்கையான ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள். இந்த "இணை" என்பதற்கு முன்கூட்டியே வேலை செய்திருக்கவேண்டும். அந்த வட்டாரத்தில் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆலோசகரோ மருத்துவரோ யார், ஃபோன் எண் என்ன என்று படப்பிடிப்பு தொடங்கும் முன் கையில் இல்லையென்றால், காயத்தைத் திறக்கும் கேள்வியைக் கேட்கும் தகுதி உங்களுக்கு இல்லை.

ஆபத்து வந்தால் படம் எடுப்பதா, காப்பாற்றுவதா?

காப்பாற்றுவது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஆனால் கேட்கிறவர்கள் மனதில் பெரும்பாலும் 1993ல் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த அந்தப் புகைப்படம் இருக்கிறது, சுருண்டு கிடக்கும் குழந்தையும் பின்னால் காத்திருக்கும் கழுகும். நியூயார்க் டைம்ஸில் அது வந்ததும், அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று ஏகப்பட்ட பேர் கேட்டார்கள். சில நாளில் பத்திரிகை தனியாகக் குறிப்புப் போட்டது. குழந்தை எழுந்து நடந்தது, உணவு முகாம் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை என்றது. 1994ல் படத்துக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தபோதும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. பல வருடம் கழித்து ஸ்பெயின் பத்திரிகை ஒன்று ஊரைத் தேடிப்போய், அது ஆண் குழந்தை என்றும், அந்தப் பஞ்சத்தைத் தாண்டி வாழ்ந்து 2007 வாக்கில் காய்ச்சலில் இறந்தான் என்றும் குடும்பத்தார் சொன்னதை வெளியிட்டது.

அதனால் காப்பாற்றினால் மட்டும் போதாது, அப்புறம் என்ன ஆயிற்று என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், படத்தில் இருக்கவும் வேண்டும்.

பணம் கொடுக்கலாமா?

செய்தியில் பேட்டிக்குப் பணம் கூடாது என்பது பழைய விதி. இரண்டு வருடம் ஒரு வீட்டில் சாப்பிட்டுப் படம் எடுப்பவருக்கு அதை அப்படியே பொருத்தினால் அது கஞ்சத்தனம். உங்களால் அந்த அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போனால் ஈடு செய்யுங்கள். மருந்து, பள்ளிச் செலவு, தண்ணீர், இதெல்லாம் செய்யலாம். ஒரே நிபந்தனை, எந்தக் காட்சிக்கும் எந்தப் பதிலுக்கும் அது சம்பளமாகத் தெரியக்கூடாது. அழுத நாளன்று பணம் கொடுத்தால் மறுநாளும் அழுகை வரும். பிள்ளை கையில் பணமே கொடுக்காதீர்கள். என்ன கொடுத்தீர்கள் என்று தயாரிப்பாளரிடமும் ஒளிபரப்புகிறவரிடமும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

"உன்னை இங்கேயிருந்து கூட்டிப் போகிறேன்", "இந்தப் படம் வந்தால் எல்லாம் மாறும்" என்ற இரண்டு வாக்கியமும் எக்காரணத்தைக் கொண்டும் வரக்கூடாது. பெரியவர் மறந்துவிடுவார், பிள்ளை மறக்காது.

ஃபிக்ஸர், மொழிபெயர்ப்பாளர் பற்றி?

ஃபிக்ஸர் என்றால் உள்ளூரில் ஆட்களையும் இடங்களையும் ஏற்பாடு செய்து தருபவர். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேயே இருப்பார். சம்பளம், காப்பீடு, பாதுகாப்பு உடுப்பு எல்லாம் உங்களுக்கு என்னவோ அவருக்கும் அதேதான். பெயர் போடுவதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும், படம் வெளியாகும் வாரம் மறுபடி கேளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் நல்ல மனதோடு பிள்ளையின் பேச்சைத் திருத்துவார்கள். பிள்ளை பாதி வாக்கியத்தில் விட்டதை முழுசாக்குவார்கள், கெட்ட வார்த்தையை விழுங்குவார்கள். அதனால் எடுத்த காட்சிகள் (ஃபுட்டேஜ்) முழுவதையும் இன்னொருவரை வைத்து மறுபடி மொழிபெயர்க்கச் செய்யுங்கள். சப்டைட்டிலில் பிள்ளை பேராசிரியர் மாதிரிப் பேசினால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

ஆயுதக் குழுவில் இருந்த பிள்ளைகளை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் இங்கே ஒவ்வொரு ஃபிரேமும் ஆவணம். கொலை மற்றும் ஊனமாக்கல், படைக்கு ஆள்சேர்ப்பு, பாலியல் வன்முறை, கடத்தல், பள்ளி மருத்துவமனைத் தாக்குதல், உதவிப் பொருட்களைத் தடுத்தல் என்று குழந்தைகளுக்கு எதிரான 6 கடும் மீறல்களை ஐ.நா. கண்காணிக்கிறது. 2024ல் சரிபார்த்து உறுதிசெய்தவை மட்டும் 41,370. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் தண்டனையே இதற்காகத்தான், காங்கோவின் ஆயுதக் குழுத் தலைவர் தாமஸ் லுபாங்காவுக்கு 2012ல் 14 ஆண்டு. அந்த வழக்கில் பயிற்சி முகாமில் எடுத்த வீடியோவும் சாட்சியமாக ஓடியது. திரையில் தெரிகிற பிள்ளைக்கு உண்மையிலேயே 15 ஆகவில்லையா என்று அதை வைத்தே வாதாடினார்கள்.

ஆகவே உங்கள் ஹார்டு டிஸ்க்கை நாளைக்கு ஒரு நீதிமன்றம் கேட்கலாம், அதற்கு முன்னால் ஒரு சோதனைச்சாவடி கேட்கலாம். பிள்ளை தான் செய்ததைத் தன் வாயால் சொல்லும்படி கேட்காதீர்கள். ஊர் திரும்பி மறுபடி பள்ளிக்குப் போகும் பையனை "முன்னாள் போராளி" என்று திரையில் எழுதிக்காட்டினால், பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அப்பாவும் அதைப் படிப்பார். பழைய துப்பாக்கியைக் கொடுத்துப் பிடித்துக் காட்டு என்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். வேறு வேலைக்குப் போகலாம் அவர்கள்.

முகத்தை மறைத்தால் போதுமா?

முகம் பாதிதான். நடை, குரல், காதில் வடு, பள்ளிச் சீருடை, சுவரில் தொங்கும் அப்பாவின் படம், எதிலிருந்தும் கண்டுபிடிப்பார்கள். அதைவிட, ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு கோபுர முனையும் தெரிந்தால், செயற்கைக்கோள் வரைபடத்தை வைத்துக்கொண்டு வீட்டைக் குறிவைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தான வீடு என்றால் கேமராவின் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி எடுங்கள். கேமராவிலும் ஃபோனிலும் இருப்பிடப் பதிவை அணைத்துவிடுங்கள். கட்டம் கட்டமாக மறைப்பதைச் சில சமயம் மீட்டெடுக்கலாம், குரலின் சுருதியை மாற்றினால் திருப்பிப் போட்டுக் கேட்கலாம். உண்மையிலேயே மறைக்கவேண்டுமானால் வேறொருவர் குரலில் டப்பிங் செய்யுங்கள், முகத்தை ஆரம்பத்திலேயே எடுக்காதீர்கள். கைகள், முதுகு, நிழல், காலடி. ஒரு பிள்ளை முழுப் படமும் பேசிவிடும் கைகளால்.

அனிமேஷன் இன்னொரு வழி. ஆப்கானிஸ்தானிலிருந்து சிறுவனாகத் தப்பிய ஒருவரின் கதையைச் சொல்லும் "ஃப்ளீ" 2021ல் அவர் அடையாளத்தை மறைக்க முக்கால்வாசி வரைந்த படமாகவே வந்தது. ஆவணப்படம், அனிமேஷன், பன்னாட்டுப் படம் மூன்று பிரிவிலும் ஒரே வருடம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. செலவும் காலமும் அதிகம், சொல்லிவைக்கிறேன்.

சரி, எந்த கேமரா?

சின்னது. மிரர்லெஸ் வகை கேமரா (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதது) ஒன்று, அகலமான காட்சியை எடுக்கும் லென்ஸ் ஒன்று, ட்ரைபாட் பெரும்பாலும் தேவைப்படாது. தரையில் உட்கார்ந்து பிள்ளையின் கண் மட்டத்தில் எடுங்கள், நின்றபடி மேலிருந்து எடுத்தால் எந்தப் பிள்ளையும் பரிதாபமாகத்தான் தெரியும். காசை ஒலியில் போடுங்கள். ஒயர்லெஸ் காலர் மைக் அலைவரிசைத் தடுப்பான்கள் உள்ள இடத்தில் காலை வாரும், அனுப்பும் கருவி போலத் தெரிந்து சந்தேகமும் கிளப்பும். பைக்குள்ளேயே பதிவு செய்யும் சின்ன ரெக்கார்டர் நல்லது. ஜெனரேட்டர் இரைச்சல் எங்கேயிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். கரண்ட் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் பேட்டரி ஏற்றவேண்டும், குடும்பத்துக்கும் அதே இரண்டு மணி நேரம்தான், பிளக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு டிஸ்க், இரண்டும் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டது, இரண்டும் வெவ்வேறு ஆள் கையில்.

குண்டு துளைக்காத உடுப்புப் போடவேண்டுமா? பிள்ளை எதிரில் அசிங்கமாக இல்லையா?

அசிங்கமாகத்தான் இருக்கும். பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும் தகடு நெஞ்சில் உங்களுக்கு, எதிரே பனியனோடு பிள்ளை. ஆனாலும் தேவைப்படும் இடத்தில் போடுங்கள். நீங்கள் அடிபட்டு விழுந்தால் உங்களைத் தூக்க அந்த வீட்டுக்காரர்தான் வெளியே வரவேண்டும். நான் பின்பற்றும் கணக்கு வேறு. அந்த உடுப்பில்லாமல் உட்கார முடியாத இடத்தில் பிள்ளையைக் கேமரா முன் உட்காரவைக்க மாட்டேன். போகுமுன் போர்ப் பகுதிக்கான பாதுகாப்பு, முதலுதவிப் பயிற்சி எடுங்கள், ரத்தத்தை நிறுத்தும் கட்டுப் போடத் தெரியாமல் போகவே வேண்டாம். சுதந்திரமாக வேலை செய்பவர்களுக்கு ரோரி பெக் அறக்கட்டளை இதற்கு உதவுகிறது.

பிள்ளைகளிடமே கேமராவைக் கொடுத்து எடுக்கச் சொன்னால்?

விழாக்களில் கேட்க அழகாக இருக்கும். நடைமுறையில், நல்ல ஷாட் வேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பையன் மொட்டைமாடிக்கு ஏறுவான். நீங்கள் பாராட்டினால் இன்னும் கிட்டப் போவான். வழியில் ஃபோனைச் சோதிக்கும் ஆள் இருந்தால் மாட்டுவது அவன். வீட்டுக்குள், அதுவும் பெரியவர் ஒருவர் பார்க்க, அவ்வளவுதான்.

நான் அந்த ஊர்க்காரி. என் குழந்தையையே எடுக்கலாமா?

வெளியாள் பத்து வருடம் தங்கினாலும் கிடைக்காத நெருக்கம் உங்களிடம் இருக்கிறது. வாத் அல் கதீப் சிரியாவின் அலெப்போ நகர முற்றுகையில் தன் மகளை எடுத்து, எட்வர்ட் வாட்ஸோடு சேர்ந்து 2019ல் செய்த படம் அந்த நெருக்கத்தால்தான் நிற்கிறது. சிக்கல் என்னவென்றால் சம்மதம் தருகிறவரும் கேட்கிறவரும் நீங்களே. வெளியே ஒருவரை, உங்களிடம் சம்பளம் வாங்காத ஒருவரை, உட்காரவைத்து "இந்தக் காட்சி வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தைக் கொடுங்கள். சொன்னால் வெட்டுங்கள்.

எத்தனை காலம் எடுக்கவேண்டும்?

வளர்வதைக் காட்டவேண்டும் என்றால் வளரும்வரை. ஆப்கானிஸ்தானின் பாமியான் புத்தர் சிலைகள் 2001ல் தகர்க்கப்பட்ட பிறகு, அங்கே குகையில் குடியிருந்த ஒரு சிறுவனை 2002ல் எடுக்கத் தொடங்கிய ஃபில் கிராப்ஸ்கி, பின்னால் ஷோயப் ஷரிஃபியோடு சேர்ந்து 20 வருடம் பின்தொடர்ந்தார். எல்லோராலும் முடியாது. பல் விழுந்து முளைக்கும் அளவுக்காவது இருங்கள். மூன்று வாரத்தில் எடுத்துவிட்டு "வளரும் குழந்தைகள்" என்று தலைப்பு வைக்காதீர்கள்.

எடிட்டில் கவனிக்கவேண்டியது?

பின்னணிப் பியானோ இசையை நீக்கிவிடுங்கள். மெதுவாக ஓடும் காட்சியையும் நீக்கிவிடுங்கள். தூரத்தில் கேட்ட வெடிச்சத்தத்தை ஒலி நூலகத்திலிருந்து எடுத்துப் பெரிதாக்கிப் போடுவது பொய், எத்தனை பேர் செய்தாலும் பொய்தான். பிள்ளை குறும்பு செய்த, பொய் சொன்ன, தம்பியை அடித்த காட்சிகளை வெட்டாதீர்கள், அவை போனால் மிச்சமிருப்பது போஸ்டர். அதே சமயம் படுக்கையை நனைத்தது, துணி மாற்றியது, அம்மா அடித்து அழுதது, இவையெல்லாம் பதினாறு வயதில் அவன் தோழர்கள் பார்த்துச் சிரிக்கக் கூடியவை. என் அளவுகோல் அந்தப் பதினாறு வயதுதான்.

ஃபுட்டேஜ் பார்த்துப் பார்த்து எடிட்டருக்கும் தூக்கம் போகும். களத்துக்குப் போனவருக்கு ஓய்வு கொடுப்பார்கள், அறையில் உட்கார்ந்து ஒரே அலறலை நாற்பது தடவை கேட்டவரை யாரும் கேட்பதில்லை. கொடூரமான பகுதிகளைப் பெயர் வைத்துத் தனியாகப் பிரித்துவையுங்கள், சத்தத்தை அணைத்துவிட்டு வெட்டுங்கள், இரவில் வேண்டாம்.

திரையிடலுக்குப் பிள்ளையை அழைத்துப் போகலாமா?

முதல் திரையிடல் அந்த வீட்டில், லேப்டாப்பில், வேறு யாரும் பார்க்கும் முன். எதை வெட்டச் சொன்னாலும் வெட்டும் நிலையில் எடிட் இருக்கும்போதே காட்டுங்கள். விழா மேடையில் ஏற்றாதீர்கள். இருநூறு பேர் எழுந்து நின்று கைதட்டுவது, மறுநாள் அதே வீட்டுக்குத் திரும்புகிற பிள்ளைக்கு என்ன செய்யும் என்று யோசியுங்கள். விளம்பரத்துக்கு வெட்டும் முப்பது நொடித் துண்டுகளை நீங்களே பாருங்கள், அழுகை மட்டும் தனியாகக் கிளம்பி ஊர் சுற்றுவது அதில்தான். அந்த நாட்டுக்குள் இணையத்தில் தெரியாதபடி தடுக்க வழி உண்டு, ஆனால் திருட்டுப் பிரதி எப்படியும் போய்ச் சேரும் என்று வைத்துக்கொண்டே முடிவெடுங்கள்.

பெரியவனான பிறகு "படத்திலிருந்து என்னை எடுத்துவிடு" என்று கேட்டால்?

இதை ஒளிபரப்பு ஒப்பந்தம் போடும்போதே எழுதவேண்டும், அப்புறம் கெஞ்சினால் எந்தச் சேனலும் கேட்காது. 18 வயது ஆனதும் மறுபடி சம்மதம் கேட்போம், மறுத்தால் இணையத்திலிருந்து எடுப்போம் அல்லது முகத்தை மறைத்து மறுபதிப்புப் போடுவோம் என்று ஒரு வரி. விநியோகஸ்தர்கள் முகம் சுளிப்பார்கள். ஒருவர் என்னிடம், இத்தனை வருடம் கழித்து யார் சார் கேட்கப் போகிறார்கள் என்றார். இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் கேட்டார். இன்னொருத்தி முழுப் படத்தையும் திரும்பப் பார்த்துவிட்டு, எல்லாம் இருக்கட்டும், அம்மா திட்டுவது மட்டும் வேண்டாம் என்றாள். பதினொரு நொடி. வெட்டிக் கொடுத்துவிட்டேன்.